300 கிலோமீட்டர் தள்ளி ஒரு தகடு

எங்கள் பட்டறையில் லேசர் தலையின் நாசிலுக்கும் வெட்டப்படும் தகட்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி விடுவோம். சூட்டில் தகடு கொஞ்சம் எழும்பினாலும் உயரம் பார்க்கும் சென்சார் தலையைத் தூக்கி அந்த இடைவெளியைக் காப்பாற்றிவிடும். அந்த சென்சார் சொதப்பினால் விளிம்பெல்லாம் பிசிறு நிற்கும், பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். கோவையில் ஜாப் வொர்க்குக்குத் தகடு வெட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. இப்போது ஓடுவது ஆறு கிலோவாட் ஃபைபர் லேசர், அதாவது கண்ணாடி இழைக்குள் ஒளி பிறக்கும் வகை. அதற்கு முன்னால் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, விமானத்தில் லேசர் ஆயுதம் என்று செய்தி வந்தால் எல்லோரும் எத்தனை கிலோவாட் என்று பார்க்கிற இடத்தில், எவ்வளவு தூரத்துக்கு என்று நான் தேடுவேன். தகட்டைச் சுட்டு ஓட்டை போடுவது எங்களுக்கு அன்றாட வேலை. அதே ஓட்டையை 300 கிலோமீட்டர் தள்ளி, பறந்துகொண்டே, பறக்கிற இன்னொன்றின் மேல் போட வேண்டும் என்றால் அது வேறு தொழில். அந்தத் தொழிலை அமெரிக்கர்கள் 500 கோடி டாலருக்கு மேல் செலவழித்துச் செய்து பார்த்தார்கள். இலக்கும் விழுந்தது. விழுந்த இரண்டு வருடத்துக்குள் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்பதைத் தோண்டப் போய்த்தான் நான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன்.

கதை 1991 வளைகுடாப் போரில் தொடங்குகிறது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று சவூதியின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். ஏவுகணை தலைக்கு மேல் வந்து இறங்கும்போது அடிப்பதைவிட, கிளம்பும்போதே அடித்தால் என்ன என்ற யோசனை அப்போது வலுத்தது. கிளம்பும்போது அதன் வாலில் பெரிய நெருப்பு, வெகுதூரத்திலிருந்தே தெரியும். வேகமும் அப்போது குறைவு. உள்ளே எரிபொருள் நிறைந்து, அழுத்தத்திலும் உந்துவிசையிலும் உடம்பு முழுக்க விறைத்து நிற்கும். அடிபட்டால் சிதறல்கள் ஏவியவன் பக்கமே விழும். கஷ்டம் ஒன்றுதான்: இந்த நிலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. அந்த நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்து போய் அடிக்கக்கூடியது ஒளி மட்டும்தான்.

1996இல் அமெரிக்க விமானப்படை வேலையைத் தொடங்கியது. போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றை எடுத்து அதன் மூக்கை வெட்டி, அங்கே ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு சுழலும் கோளத்தை வைத்தார்கள். கோளத்துக்குள் 1.5 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. விமானத்தின் பின்பாதி முழுக்க லேசர். ஒரு பெரிய காரின் அளவில் ஒவ்வொன்றும் சுமார் மூன்று டன் எடையுள்ள ஆறு பெட்டிகள். ஒய்.ஏ.எல்.-1 என்று பெயர். மாற்றியமைத்த விமானம் முதலில் பறந்தது 2002 ஜூலையில்.

லேசரைப் பறக்க விடுவதற்கு முன்னால் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. அதற்காக கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் ஒரு சோதனைக்கூடம் கட்டினார்கள். உள்ளே வைக்க ஒரு 747 உடற்கூடு தேவைப்பட்டது. அவர்கள் வாங்கியது ஏர் இந்தியா ஓய்வு கொடுத்த 747-200. இறக்கையைக் கழற்றிவிட்டு மொஹாவி பாலைவன விமான நிலையத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏர் இந்தியா தன் 747களுக்கு அசோகர், இராசேந்திர சோழன் என்று பேரரசர்கள் பெயராக வைத்துக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கலாம். துபாய்க்கும் லண்டனுக்கும் ஆள் ஏற்றிப் போன அந்தக் கூட்டத்தில் ஒன்றின் வயிற்றுக்குள்தான் ஐம்பது தடவைக்கு மேல் அந்த லேசரை எரித்துப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

லேசர் என்றால் மின்சாரம் என்று நினைப்போம். இது மின்சாரத்தில் ஓடியதல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் குளோரின் வாயுவை விடுவார்கள். அதிலிருந்து ஒரு கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் பிறக்கும். அதை ஒலியைவிட வேகமாக ஓடவிட்டு அயோடின் ஆவியோடு கலந்தால், ஆக்சிஜன் தன் ஆற்றலை அயோடினுக்குக் கொடுத்துவிடும். அயோடின் அணு அதை 1.315 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியாகக் கக்கும். கண்ணுக்குத் தெரியாது. இந்த முறையை அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடமே 1977இல் கண்டுபிடித்தது. இதன் பெரிய வசதி என்ன என்று தொழில்காரனாகப் பார்த்தால், வேலை முடிந்த சூடான வாயு விமானத்தின் அடிவயிற்று வழியாக வெளியே போய்விடும். சூடும் அதோடு போய்விடும். இந்த வசதியை இழந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். தொல்லையும் இருந்தது. குளோரினையும் பெராக்சைடையும் போர்முனைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தளத்தில் சேர்த்து வைத்து, பறந்துவிட்டு வரும்போதெல்லாம் ஏற்ற வேண்டும். ஒரு தடவை ஏற்றினால் சுமார் 20 முறை சுடலாம் என்பது கணக்கு.

சுடுகிற வரிசை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விமானத்தைச் சுற்றிலும் பொருத்திய அகச்சிவப்புச் சென்சார்கள் முதலில் ஏவுகணையின் நெருப்பைப் பிடிக்கும். முதுகில் இருக்கும் ஒரு சின்ன லேசர் தூரத்தை அளக்கும். ஆனால் நெருப்பைச் சுட்டுப் பயனில்லை, நெருப்புக்கு முன்னால் இருக்கும் உடம்பைச் சுட வேண்டும். அதனால் மூக்கிலிருந்து இரண்டாவது லேசர் ஏவுகணையின் உடம்பை வெளிச்சம் போட்டுக் காட்டும். அடுத்து மூன்றாவது லேசர் ஒன்று. அதன் வேலை ஏவுகணைக்குப் போய்த் திரும்பி வருவது மட்டும். திரும்பி வந்த ஒளி எப்படிக் கலங்கியிருக்கிறது என்று பார்த்து நடுவில் உள்ள காற்றை அளப்பார்கள். அந்த அளவை வைத்து, முகம் நெளியக்கூடிய ஒரு கண்ணாடியைப் பின்னாலிருந்து குட்டிக் குட்டி மோட்டார்கள் தள்ளி இழுத்து, காற்று செய்யப்போகும் கலக்கத்துக்கு நேர் எதிரான கலக்கத்தை முன்கூட்டியே கற்றைக்குள் ஏற்றிவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மெகாவாட் லேசர். மொத்தம் நான்கு லேசர்கள், அதில் மூன்று வெறும் வழி பார்ப்பதற்கு.

இந்த மூன்றாவது லேசரின் பின்னால் ஒரு கிளைக்கதை இருக்கிறது. காற்றின் கலக்கத்தை அளக்க வானில் ஒரு வெளிச்சப் புள்ளி வேண்டும். சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையாகவே சோடியம் அணுக்கள் ஒரு படலமாக மிதக்கின்றன, அதை லேசரால் ஒளிரச் செய்து ஒரு பொய் நட்சத்திரம் உண்டாக்கலாம் என்று வில்லியம் ஹாப்பர் என்ற இயற்பியலாளர் 1982இல் ராணுவத்துக்குச் சொன்னார். அது ரகசியமாகவே இருந்தது. நியூ மெக்சிகோவில் உள்ள ஸ்டார்ஃபயர் ஆய்வகத்தில் ராபர்ட் ஃபுகேட்டின் குழு நெளியும் கண்ணாடியையும் லேசர் நட்சத்திரத்தையும் சேர்த்து ஓட்டிக் காட்டியது. இடையில் 1985இல் பிரான்சில் இரண்டு வானியலாளர்கள், இந்த ரகசியம் எதுவும் தெரியாமலே, லேசர் நட்சத்திரம் உண்டாக்கலாம் என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். 1991 மே மாதம் அமெரிக்க ராணுவம் ரகசியத்தைத் திறந்துவிட்டது. இன்று ஹவாயிலும் சிலியிலும் பெரிய தொலைநோக்கிகள் இரவில் மஞ்சள் கற்றையை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்க்கிறோமே, அதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது. 500 கோடியில் உலகத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இது அந்த விமானத்துக்கு முன்னாலேயே வந்தது என்று திருத்தினால் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, தகட்டுக்கு வருவோம். எங்கள் மெஷினில் ஆறு கிலோவாட் ஒளி 0.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவிகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 3 கோடி வாட்டுக்கு மேல் வரும். இரும்பு உருகி, அடித்த காற்றில் கீழே ஒழுகிவிடும். இப்போது 747க்குக் கணக்குப் போடுவோம். ஒளி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தூரம் போகப் போக விரியும், அது இயற்கையின் விதி. எவ்வளவு விரியும் என்பது அலைநீளத்தையும் கண்ணாடியின் விட்டத்தையும் பொறுத்தது. 1.5 மீட்டர் கண்ணாடியிலிருந்து 1.315 மைக்ரான் ஒளி 300 கிலோமீட்டர் போனால், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 64 சென்டிமீட்டர் விட்டத்துக்கு விரிந்துவிடும். ஒரு மெகாவாட்டை அந்த வட்டத்தில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 300 வாட். எங்கள் பட்டறைப் புள்ளியில் விழுவதில் லட்சத்தில் ஒரு பங்குதான் அது.

300 வாட்டில் எதையும் வெட்ட முடியாது. ஆனால் அவர்களுக்கு வெட்டத் தேவையும் இல்லை. மூன்று நான்கு நொடி அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகத் தோல் சில நூறு டிகிரி ஏறி இளகும். உள்ளேயிருக்கும் அழுத்தமும் மேல்நோக்கித் தள்ளும் விசையும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏவுகணை தன்னைத்தானே கிழித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த "அதே இடத்தில்" என்பதுதான் உயிரை வாங்கும். கற்றை ஒரு மைக்ரோரேடியன், அதாவது ஒரு டிகிரியில் சுமார் 17,500இல் ஒரு பங்கு, ஆடினால் 300 கிலோமீட்டரில் 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விமானம் என்பது நான்கு என்ஜின் உறுமும் அதிர்வு மேடை. காற்று வேறு சும்மா இருக்காது. கற்றை போகிற வழியில் காற்றைக் கொஞ்சம் சூடாக்கும், சூடான காற்று லென்ஸ் போல வேலை செய்து கற்றையை இன்னும் விரித்துவிடும். வாட்டை ஏற்றினால் இந்தக் கோளாறும் கூடவே ஏறும்.

2010 பிப்ரவரி 11ஆம் தேதி இரவு, கலிஃபோர்னியாவின் பாயின்ட் முகு கடலோரத்தில் ஒரு மிதக்கும் மேடையிலிருந்து திரவ எரிபொருள் ஏவுகணை ஒன்றை ஏவினார்கள். கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள் 747 அதைக் கண்டு, பின்தொடர்ந்து, சுட்டு உடைத்தது. பறக்கும் விமானத்திலிருந்து லேசரால் ஒரு திரவ எரிபொருள் ஏவுகணை மேலெழும்போதே விழுந்தது அதுதான் முதல் முறை. ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு ஏவுகணை, இந்தத் தடவை திட எரிபொருள். அதையும் சுடத் தொடங்கினார்கள், உடைவதற்கு முன்னாலேயே கற்றையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே வருடம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடந்த சோதனைகள் தோற்றன. செப்டம்பரில் மென்பொருள் பிழையால் கற்றை நடுவிலிருந்து விலகியது. அக்டோபரில் நெருப்பிலிருந்து உடம்புக்குத் தாவும் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டது.

உண்மையில் இந்த விமானத்துக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது அந்த வெற்றிக்கு முந்தைய வருடமே. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ் 2009இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்ன விளக்கம் எந்தப் பட்டறைக்காரனுக்கும் புரியும். இப்போதுள்ள லேசரை வைத்து ஈரான் ஏவுகணையைச் சுட வேண்டுமென்றால் விமானம் ஈரானின் எல்லைக்குள்ளேயே வட்டமடிக்க வேண்டும். தள்ளி நின்று சுட வேண்டுமென்றால் 20, 30 மடங்கு சக்தி வேண்டும். களத்தில் இறக்கப் பத்து இருபது 747கள் வேண்டும், ஒவ்வொன்றும் 150 கோடி டாலர், ஓட்ட வருடத்துக்கு 10 கோடி. எதிரியின் வானத்தில், அவனுடைய விமான எதிர்ப்பு ஏவுகணைகளுக்கு நடுவே, ஒரு ஜம்போ ஜெட் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். என் பார்வையில் அவர் சொன்னது சரி. 2011 டிசம்பரில் திட்டம் நின்றது. விமானம் அரிசோனாவின் டேவிஸ்-மோன்தன் தளத்துக்குப் போய் 2014இல் உடைக்கப்பட்டது.

இந்தக் கனவு 747க்கு முன்னாலேயே ஒரு சுற்று வந்து போயிருந்தது. 1983இல் ஒரு பழைய கே.சி.-135 ரக விமானத்தின் முதுகில் கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்து, ஏ-7 போர் விமானம் ஏவிய ஐந்து சைட்விண்டர் ஏவுகணைகளை விழுத்தினார்கள். 1981இல் இதே விமானம் தோற்றபோது பத்திரிகைகள் கேலி செய்திருந்தன. கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து புணேயில் படித்தவர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதைச் செய்தார். எங்கள் பழைய மெஷினும் அவர் போட்ட பாதையில் வந்ததுதான். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். சாதாரணக் கண்ணாடி அதை விடாது, துத்தநாக செலினைடு லென்ஸ் வேண்டும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும். ஃபைபர் லேசருக்கு 1.07 மைக்ரான். அலைநீளம் பத்தில் ஒன்றானால், அதே கண்ணாடியிலிருந்து அதே தூரத்தில் விழும் புள்ளியும் பத்தில் ஒன்றாகும், பரப்பு நூறில் ஒன்றாகும். பட்டறைகள் ஃபைபருக்கு மாறின, ராணுவமும் மாறியது. (சோவியத்துகளும் இல்-76 விமானத்தில் லேசர் ஏற்றி ஏ-60 என்று 1981இல் பறக்கவிட்டார்கள். முதல் விமானம் தரையிலேயே தீப்பிடித்து எரிந்துபோனது.)

ராட்சத ஏவுகணையை 300 கிலோமீட்டரில் சுடும் ஆசையை விட்டுவிட்டு, தன்னை நோக்கி வரும் ஏவுகணையைச் சில கிலோமீட்டரில் சுட்டுக்கொண்டால் போதும் என்று இறங்கி வந்தது அடுத்த தலைமுறை. ஷீல்டு என்று பெயர். போர் விமானத்தின் அடியில் எரிபொருள் டாங்கி மாதிரி ஒரு குடுவை, அதற்குள் ஃபைபர் லேசர், மின்சாரம், குளிரூட்டி எல்லாம். லேசரைச் செய்ய லாக்ஹீட் மார்ட்டினுக்கு 2017 நவம்பரில் 2 கோடியே 63 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2019 ஏப்ரலில் தரையில் வைத்த ஒரு மாற்று லேசர், வானிலிருந்து ஏவிய ஏவுகணைகளை விழுத்தியது. 2021இல் பறக்கும் என்றார்கள், அப்புறம் 2023 என்றார்கள். 2024இல் பறக்கவிடும் எண்ணமே இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். ஏ.சி.-130ஜே என்ற, பீரங்கி பொருத்திய அமெரிக்க விமானத்துக்கென்று செய்த 60 கிலோவாட் லேசரும் அதே வருடம் பறக்காமலே நின்றது.

காரணம் சூடு என்று நான் நினைக்கிறேன். எங்கள் மெஷின் வந்த புதிதில் அலாரம் அடித்து நின்றுபோனால் சர்வீஸ் பையனுக்குப் போன் போடுவேன். அவன் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங்ண்ணா, சில்லர் ஃபில்டர் கழுவுனீங்களாங்?" சில்லர் என்பது லேசரைக் குளிர வைக்கும் பெட்டி. லேசரைப் பற்றிக் கேட்கவே மாட்டான். ஃபைபர் லேசர் உறிஞ்சும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகும், மீதி சூடு. 100 கிலோவாட் கற்றை வேண்டுமென்றால் சுமார் 300 கிலோவாட் மின்சாரம், 200 கிலோவாட் சூடு. வீட்டு 1.5 டன் ஏ.சி. சுமார் 5 கிலோவாட் சூட்டைத்தான் வெளியே தள்ளும். அப்படி நாற்பது ஏ.சி.யை ஒரு குடுவைக்குள் அடக்கி இறக்கைக்கு அடியில் தொங்கவிட வேண்டும். ரசாயன லேசர் சூட்டை வாயுவோடு வெளியே ஊதித் தள்ளியது என்றேனே, அந்த வசதி இங்கே கிடையாது.

இன்னொன்று காற்று, இந்தத் தடவை விமானத்தை ஒட்டியே இருக்கும் காற்று. கற்றை வெளிவர ஒரு கோளம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். விமானம் ஒலி வேகத்தில் 55 சதவீதத்தைத் தாண்டினாலே கோளத்தின் தலைமேல் வளைந்து ஓடும் காற்று ஒலி வேகத்தைத் தொட்டுவிடும், அதிர்ச்சி அலை உருவாகும். கோளத்துக்குப் பின்னால் காற்று பிய்ந்து சுழலும். முன்பக்கம் பார்த்துச் சுட்டால் ஓரளவு தெளிவு; பின்பக்கம் பார்த்தால் ஒரே கலக்கம். போர் விமானத்தைத் துரத்தும் ஏவுகணை பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே இரண்டு சிறிய விமானங்களை ஏறத்தாழ 50 மீட்டர் இடைவெளியில் சேர்த்துப் பறக்கவிட்டு, ஒன்றிலிருந்து லேசரை அடித்து இன்னொன்றின் பக்கவாட்டில் துருத்தும் 30 சென்டிமீட்டர் கோளத்தில் வாங்கி, ஒளி எப்படிக் குலைகிறது என்று அளந்தார்கள். அந்த இடைவெளியில் பறந்துகொண்டே கற்றையைப் பிடித்து வைத்த விமானிகளுக்கு ஒரு கும்பிடு.

தரையில் இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. ஜெனரேட்டரை லாரியில் வைக்கலாம், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. 2025 ஏப்ரலில் கர்னூலில் நம் டி.ஆர்.டி.ஓ. 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை விழுத்திக் காட்டியதும் தரையிலிருந்துதான்.

வானத்தில் நடந்ததில் எனக்கு நம்பிக்கை தருவது பெரிய ஜெட் எதுவும் இல்லை. 2021 ஜூனில் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமும் ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் லேசரை ஏற்றி, 3,000 அடி உயரத்தில் பறந்தபடியே, ஒரு கிலோமீட்டர் சுற்றில் பல ட்ரோன்களை விழுத்தினார்கள். செஸ்னா மெதுவாகப் போகும், அதிர்ச்சி அலை கிடையாது. சரக்கு ஏற்ற இடம் உண்டு. எதிரே வருவதும் பிளாஸ்டிக் உடம்புள்ள மெதுவான ட்ரோன், கூடவே தூரமும் குறைவு. 2017இல் நியூ மெக்சிகோவில் அப்பாச்சி ஹெலிகாப்டர் 1.4 கிலோமீட்டர் தள்ளியிருந்த இலக்கை லேசரால் அடித்ததும் இதே தர்க்கத்தில்தான். ஆயிரக்கணக்கில் மலிவு ட்ரோன்கள் வரும் போரில், ஒவ்வொன்றுக்கும் லட்சக்கணக்கான டாலர் ஏவுகணையைச் செலவழிக்க யாராலும் முடியாது. மேகத்துக்கு மேலே ஏறிப் போய்ச் சுடக்கூடிய மெதுவான விமானத்துக்கு வேலை கண்டிப்பாக இருக்கும். வான் லேசர் முதலில் களத்துக்கு வருவது ஏதாவது விசிறி விமானத்திலோ ஹெலிகாப்டரிலோதான் என்பது என் ஊகம். போர் விமானத்தின் வால் பக்கம் வரும் ஏவுகணையெல்லாம் அதற்கு ரொம்ப நாள் கழித்து.